ஒருத்திக்கு மட்டும் உயிரோடு

ஒம்போங்கா
14 ஜூன் 2013

என் தங்கை கசேகோவுக்கு,

தடுப்பூசி வண்டி இன்றே ஒபுவோ நகரத்துக்குத் திரும்புகிறது. நர்ஸம்மா கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் இதை எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. கூடாரப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தவளுக்கு இவ்வளவுதான் வரும். தாளில் சிவப்பாகத் தெரிவது என் விரல்களில் பூசிய செம்மண். துடைத்தால் இன்னும் பரவுகிறது, விட்டுவிட்டேன்.

உன் அத்தான் இன்னும் வரவில்லை.

பிப்ரவரியில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து அங்கோலாப் பக்கம் போனார், உனக்குத் தெரியும். இங்கே ஒரு புல்லும் இல்லை. "குளிர் தொடங்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். குளிர் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் ஒருவன் வந்து, ஆற்றோரம் ஒரு நீலக் கம்பளியும் கோலும் கிடந்ததைப் பார்த்தேன் என்றான். அந்த இடத்தில் முதலைகள் அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னான். இந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரிடமும் நீலக் கம்பளிதான் இருக்கிறது. அதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறாய். எந்தப் படுக்கையில் யார் கிடக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாமல் போகாது. பெயர் சொல்ல முடியாமல் யாராவது வந்து கிடக்கிறார்களா பார். போலீஸிலும் கேள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார் என்று சொல், காளை குத்திய கால்.

பிள்ளைகள் மூவரும் நலம். பால்தான் இல்லை, வெறும் கஞ்சி.

உன் அக்கா
ரிதுவாபி


ஒபுவோ
28 ஜூன் 2013

அன்பான அக்காவுக்குக் கசேகோ எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே ஆண்கள் வார்டு முழுவதும் போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே இல்லை. பிணவறைக்காரரிடமும் கேட்டேன், அவரிடமும் இல்லை. போலீஸில் எழுதிக்கொண்டார்கள். "மாட்டோட போனவனா? அப்ப மாட்டோட வருவான்" என்றார் அங்கிருந்தவர். அவர் பேச்சு எனக்குப் பிடித்தது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் கலங்காதே. அங்கோலாப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இங்கே சந்தை வழியாகத்தான் போகிறார்கள். ஒருவரையும் விடாமல் கேட்கிறேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். தலையில் துணித் தொப்பி, உடம்பில் நீலச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. இவள் யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆனவளா, பிள்ளை பெற்றவளா, ஒன்றும் தெரியாமல் முழிக்கிறார்கள். உன்னைப் பார்த்தால் தலை அலங்காரத்திலிருந்து கால் மணிவரை எல்லாம் படித்துவிடலாம். நான் எழுதாத தாள். சில நாள் அது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

உனக்கு ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். நல்ல போர்வை. அத்தானின் இளைய மனைவி மவெரி கேட்டால் கொடுத்துவிடாதே.

உன்
கசேகோ


ஒம்போங்கா
12 ஜூலை 2013

கசேகோ,

போர்வை வந்தது. மவெரி கேட்கவில்லை, நானே பாதி நாள் அவளுக்குக் கொடுக்கிறேன். அவள் இப்போது குளிரில் நடுங்குகிறாள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள்.

மூத்தார் முவேசே வந்து, தன் தம்பி செத்துவிட்டான் என்று சொன்னார், அவள் கழற்றினாள். இருபது வயதுப் பெண், பயந்துவிட்டாள். தலைமுடிச் சடைகளை அவிழ்த்தாள், கல்யாணமானவள் தலையில் வைக்கும் தோல் கிரீடம் எரெம்பேயை எடுத்து வைத்தாள், கணுக்கால் மணிப் பட்டைகளை அவிழ்த்தாள். செம்மண் பூசுவதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அதே முற்றத்தில், வெண்ணெயும் மண்ணும் பூசிக்கொண்டு, எரெம்பேயும் சங்கும் மணியுமாக நடக்கிறேன்.

தண்ணீர்க் குழாயடியில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "ஒரே ஆம்பள. ஒருத்திக்குச் செத்துட்டான், இன்னொருத்திக்கு உசுரோட இருக்கான். பாதியப் பொதைச்சுட்டு மீதிக்குச் சமைக்கறாங்க போல." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாளியை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மூத்தார் என்னிடமும் வந்தார். முற்றத்துக்கு உள்ளே வராமல் வேலிக்கு வெளியே நின்றபடி பேசினார்.

"ஊர் பாக்குது ரிதுவாபி. நீ மண்ணு பூசி மணி போட்டு நடந்தா, என் தம்பிக்காக அழ ஒரு நாதியில்லன்னு அர்த்தம்."

"அழறதுக்கு ஆள் செத்திருக்கணுமே."

"ஆறு திருப்பித் தருமா? முதலை திருப்பித் தருமா?"

"அப்ப நானும் திருப்பித் தரல. பொணத்தக் காட்டுங்க, அந்த நிமிஷமே கழட்டறேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

இதற்கான பதில் மூன்று நாளில் கிடைத்தது. மூத்தார் மகனுக்குக் கல்யாணம். மருமகள் வந்து இறங்கினாள். அவளுக்கு வெண்ணெயும் செம்மண்ணும் பூசி நெருப்பின் முன்னால் அழைத்துப் போவது இந்த முற்றத்தில் என் வேலை. நான் மண்ணை நைசாக அரைத்து, வாசனைப் பிசின் கலந்து, மாட்டுக் கொம்பில் நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். என் கையிலிருந்து கொம்பை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். யாரும் ஏசவில்லை. "நீ உக்காரு" என்றார்கள், அவ்வளவுதான். நான் அரைத்த மண்ணைத்தான் அவளுக்குப் பூசினார்கள். என் கை மட்டும் ஆகாது.

கழற்றினால் துக்கம். துக்கம் முடிந்தால் நான் மூத்தாரின் குடிசைக்கு மனைவியாகப் போக வேண்டும், மாடுகள் அவருடைய அக்கா மகனுக்குப் போகும். அதெல்லாம் வழக்கம்தான், அதற்கு நான் பயப்படவில்லை. நான் கழற்றிய மறுநாள் அவர் ஆற்றைக் கடந்து வந்து முற்றத்தில் நின்றால்? அதற்குத்தான் பயம். அதைவிட ஒரு பயமும் இருக்கிறது. காலையில் மண் அரைக்கும்போது சில நாள் கை நின்றுவிடுகிறது. செத்தவனுக்காகச் சிங்காரித்துக்கொள்கிறேனோ?

செப்டம்பர் புது நிலா தெரிந்ததும் பெரியவர்கள் முன்னோர் நெருப்பின் முன் கூடுகிறார்கள். அன்று கழற்றாவிட்டால் அவர்களே கழற்றுவார்களாம்.

எதையாவது கண்டுபிடி.

அக்கா


ஒபுவோ
26 ஜூலை 2013

அக்கா,

கழற்றாதே.

இங்கே எல்லாம் நலம். குளிர் அதிகம். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஒரு ஆட்டை அடித்தாள், எனக்கும் ஈரல் கொடுத்தாள். அதில் உப்பு மட்டும் கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு துவைக்கும் இயந்திரம் வந்து, இரண்டு நாள் ஓடி, நின்றுவிட்டது. மறுபடியும் கையால்தான்.

அவர்கள் என்ன சொன்னாலும் கழற்றாதே. பெரியவர்கள் கூடினாலும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடு. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அத்தானைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை. சர்க்கரை அனுப்பியிருக்கிறேன், உன் சின்ன மகளுக்கு ஒரு பாவாடையும். அவள் போடமாட்டாள் என்று தெரியும், ஆட்டுக்குட்டிக்குக் கட்டி விளையாடட்டும்.

கழற்றாதே அக்கா. வேறொன்றும் இல்லை.

கசேகோ


ஒம்போங்கா
9 ஆகஸ்ட் 2013

கசேகோ,

மூன்று இடத்தில் கழற்றாதே என்று எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன்.

நீ ஐந்து வயதில் பால் குடுவையை உடைத்துவிட்டு அம்மாவிடம் வந்து, நேற்றுச் சாப்பிட்ட கறியைப் பற்றி அரை நாள் பேசினாய். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, குடுவை எங்க?" என்றாள். இப்போது நான் கேட்கிறேன். ஈரலில் உப்பு கூடியது எனக்கு எதற்கு? அவர் எங்கே?

செத்திருந்தால் நீ கழற்றாதே என்று எழுதமாட்டாய். அதனால் உயிரோடுதான் இருக்கிறார். இந்த வரியை இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். உயிரோடு இருந்தும் நீ மறைக்கிறாய் என்றால், நல்ல இடத்தில் இல்லை. ஜெயிலா? வேறொரு பெண்ணா? பெண் என்றால் சொல்லிவிடு. ஏற்கெனவே ஒருத்தியோடு முற்றத்தைப் பங்கு போட்டவள் நான், செத்துவிடமாட்டேன்.

நேற்று சின்னவள் மவெரியின் மடியில் உட்கார்ந்து அவள் வெறுங்காலைத் தடவிக்கொண்டு, "உனக்கு மட்டும் அப்பா இல்லையா?" என்று கேட்டாள். மவெரி எழுந்து போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்தபடி, இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒன்று அவள் சொல்வது பொய், இல்லை நான் சொல்வது பொய். நடுவில் ஒரு குழந்தை.

வண்டி திரும்பி வருவதற்குக் காத்திருக்காதே. மாவு லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பு.

ரிதுவாபி


ஒபுவோ
19 ஆகஸ்ட் 2013

அக்கா,

அம்மாவின் கல்லறை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை உடைத்துத்தான் எழுதுகிறேன். அம்மா என்னை மன்னிப்பாளா என்று தெரியாது.

ஜூலை இருபதாம் தேதி. சோப்புக் கட்டி வாங்க மாவு மண்டிப் பின்பக்கமாகப் போனேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இடது காலை இழுத்து நடந்தார். பழைய கால்சட்டை, சட்டை முழுக்க மாவு. தலையில் துணி இல்லை. அக்கா, தலைத்துணி இல்லாமல் அத்தானை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சாவு வீட்டில் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு நிற்பவர் போல வெறுந்தலையோடு நின்றார்.

அத்தான் என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தோளில் மூட்டையோடு அப்படியே நின்றார். முதல் வார்த்தை என்ன தெரியுமா? "யார்கிட்டயும் சொல்லாத." நீ எப்படி இருக்கிறாய், பிள்ளைகள் எப்படி, ஒன்றும் இல்லை.

"மாடு எங்க அத்தான்?"

"இல்ல."

"எத்தன இல்ல?"

"ஒண்ணுமில்ல. முதல்ல கன்னுங்க. அப்புறம் தாய்ங்க. அங்கேயும் புல் இல்ல கசேகோ, சொன்னவன் பொய் சொல்லிட்டான். கடைசியா என் மாமன் குடுத்த வெள்ளக் காளை. அது படுத்தப்ப நானும் பக்கத்துல படுத்தேன். அது எந்திரிக்கல. நான் எந்திரிச்சுட்டேன். அதுதான் தப்பாப் போச்சு."

அங்கிருந்து ஊருக்கு வராமல் நேராக இங்கே வந்திருக்கிறார். நீ முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே வந்துவிட்டார். நான் வார்டு வார்டாகத் தேடிய நாட்களில் மூன்று தெரு தள்ளி மூட்டை சுமந்துகொண்டிருந்தார்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். "அக்கா இன்னும் பூசிக்கிட்டு எல்லாத்தயும் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. ஊரே பேசுது. கல்யாணத்துல கொம்பப் புடுங்கிட்டாங்க." மூட்டையை இறக்கி வைத்தார். சட்டையிலிருந்த மாவைத் தட்டினார். அப்புறம், "கழட்டச் சொல்லு" என்றார்.

இதைத்தான் அக்கா நான் மறைத்தேன். அவர் உயிரோடு இருப்பதை மட்டும் மறைத்திருந்தால் பரவாயில்லை. அவரே கழற்றச் சொன்னார். செத்தவனாகவே இருந்துவிடுகிறேன் என்கிறார். "மாடில்லாம அந்த வேலிக்குள்ள எந்தக் காலால நடப்பேன்?" என்கிறார். அந்த வாக்கியத்தை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கழற்றாதே என்று எழுதினேன்.

வேறு பெண் இல்லை. மண்டிக் கொட்டகையில் தனியாகத் தூங்குகிறார்.

நீ என்ன செய்தாலும் எனக்குச் சொல்லிவிட்டுச் செய்.

கசேகோ


ஒம்போங்கா
7 செப்டம்பர் 2013

கசேகோ,

உனக்குச் சொல்லாமலே செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் மூத்தார் முவேசே. மண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டு.

நேற்றுக் கூடினார்கள். காலையிலேயே புகைக் குளியல் முடித்து, எல்லா நாளையும்விட அதிக நேரம் எடுத்துப் பூசிக்கொண்டேன். ஒன்றையும் விடவில்லை. எரெம்பே, அம்மாவின் சங்கு, இடுப்பில் இரும்பு மணி, காலில் பட்டை. மவெரி சாம்பலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நெருப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நான் மட்டும் நின்றேன்.

"கழட்டறியா, இல்ல நாங்க ஆள் அனுப்பட்டுமா?" என்று மூத்தார் கேட்டார்.

"அவர் ஒபுவோவுல மாவு மூட்ட தூக்கறாரு. மாடுதான் செத்துச்சு, அவர் சாகல."

 சத்தம் போடுவார்கள், பொய் என்பார்கள் என்று நினைத்திருந்தேன். மூத்தார் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிடறானா?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார். இத்தனை மாதம் என்னை விரட்டியவர். தம்பி வருவான் வருவான் என்று காத்திருக்க அவரால் முடியவில்லை, அவன் போய்விட்டான் என்று முடித்துவிட்டால் அழுதாவது தீர்க்கலாம் என்று இருந்திருக்கிறார். அப்போதுதான் புரிந்தது.

ஒரு பெரியவர் மாடுகளைப் பற்றிக் கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். "யார்கிட்ட இருக்கு? என்கிட்ட நாலு தோலுதான் மிச்சம் இருக்கு. வரச் சொல்லுங்க அவன."

நீ சத்தியத்தை உடைத்ததற்கு அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். நான்தான் சொல்வேன். ஜூலை இருபதாம் தேதியிலிருந்து ஆகஸ்ட் வரை ஒவ்வொரு நாளும் நான் அந்தக் குழாயடிக்குப் போனேன் கசேகோ. ஒவ்வொரு நாளும்.

ரிதுவாபி


ஒபுவோ
11 செப்டம்பர் 2013

அக்காவுக்கு,

இதை அத்தான் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கமாட்டார், அவருக்குப் படிக்கத் தெரியாது.

உன் மூத்தார் வந்து நின்றதும் அத்தான் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார். ஓடப்போகிறார் என்று நினைத்தேன். முவேசே துரத்தவில்லை. நடுக் கொட்டகையில் நின்று தன் தலைத்துணியை அவிழ்த்தார். எத்தனை சுற்று அது, அவிழ்த்துக்கொண்டே இருந்தார். பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தார். பாதியைத் தன் தலையில் சுற்றிக்கொண்டு, மீதியை நீட்டியபடி, "வாடா" என்றார். "எவனும் சாகல இங்க. தலைய மூடு." மாவு இறக்குகிறவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தான் வந்து, குனிந்து நின்றார். அண்ணன்தான் சுற்றிவிட்டார்.

அக்கா, அந்த நாட்களை உனக்கு என்னால் திருப்பித் தர முடியாது. உனக்கு வலிக்கக் கூடாது என்று மறைத்தேன், உன் வலி கூடிக்கொண்டே போனது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கசேகோ


ஒம்போங்கா
4 அக்டோபர் 2013

தங்கை கசேகோவுக்கு,

போன முறை வண்டி வந்தபோது எழுதவில்லை. கோபத்தில் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அவர் வந்த அன்று மவெரி ஓடினாள், தடுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். மறுநாள் அவளுக்கு நான்தான் முதுகில் பூசிவிட்டேன். இரண்டு மாதம் காய்ந்த தோல், மண்ணைக் குடித்துக்கொண்டே இருந்தது. சடைகளையும் நானே பின்னினேன். "என்மேல கோவமா அக்கா? நான் கழட்டிட்டேன்னு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளைச் சொல்லி என்ன? அவர் கேட்டதைத்தான் அவள் செய்தாள், கேட்பதற்கு முன்பே.

அவர் இப்போது ஆடு மேய்க்கிறார். சண்டை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. மவெரியின் குடிசையில் படுக்கிறார்.

நான்காம் நாள் காலையில் என் வாசலுக்கு வந்தார். நான் மண் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லி அனுப்பியும் ஏன் கழட்டல?"

"நீங்க சாகலையே."

"மாடு போன ஆம்பள செத்தவன்தான்."

"அத உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, அடிப்பாரு."

கொஞ்சம் சிரித்தார். அப்புறம் உள்ளே வரலாமா என்று கேட்டார். என் குடிசைக்கு, பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டுவிட்டு வருகிறார். நான் கல்லை நிறுத்தவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

குழாயடியில் இப்போது எனக்கு வழி விடுகிறார்கள். "ரிதுவாபி போட்டிருந்தது பொய் இல்ல" என்கிறார்கள். அடுத்த கல்யாணத்துக்குக் கொம்பு என் கையில்தானாம். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இவள் கதூவோவின் மூத்த மனைவி, மூன்று பிள்ளை பெற்றவள், புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று படித்துவிடுகிறார்கள். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்குத்தான் இருக்கிறது, கசேகோ. ஊரே இல்லை என்றபோது நான் அவருடைய மனைவி என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஊரே ஆமாம் என்கிறது, எனக்குத் தெரியவில்லை. கழற்றச் சொல் என்று சொன்னபோது அவர் என்னை நினைத்துத்தான் சொன்னாரா, தன்னை நினைத்துச் சொன்னாரா? அதைக் கேட்டால் அவர் உடைந்துவிடுவார் போலிருக்கிறது. கேட்காமல் உள்ளே விடவும் என்னால் முடியவில்லை. தினமும் காலையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வெளியே வருகிறேன். அவர் பார்க்கிறார்.

உன்மேல் இருந்த கோபம் எங்கேயோ பாதி வழியில் விழுந்துவிட்டது. தேடவில்லை. அவரைக் கண்ணால் பார்த்தவள், அவர் அதைச் சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று அறிந்தவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். அதைத் தாளில் எழுதாதே, எனக்கு வேண்டாம். அடுத்த தடுப்பூசி வண்டியில் நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு ஏறிவிடு. நீலச் சட்டையோடு வந்தாலும் சரி. என் குடிசையில் வந்து உட்கார்ந்து சொல்.

அதுவரை அவர் வாசலிலேயே நிற்கட்டும்.

ரிதுவாபி